கன்று வீச்சு நோய் பண்ணைக்குள் வந்துவிட்டால் என்ன செய்வது

ஏழு மாதச் சினை. விடியற்காலையில் தொழுவத்துக்குப் போனால் கன்று கீழே கிடக்கிறது, முடிகூடச் சரியாக முளைக்காமல், உயிர் இல்லாமல். மாடு பக்கத்திலேயே நின்று அசை போடுகிறது. காய்ச்சல் இல்லை, தீனி எடுக்கிறது, தண்ணீர் குடிக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சூட்டில் வீசியிருக்கும் என்பார். வீட்டில் பெரியவர்கள் கண் பட்டுவிட்டது என்பார்கள். நாமும் நொந்துபோய்க் கன்றை எங்கேயாவது தள்ளிவிட்டு, தொழுவத்தைக் கழுவிவிட்டு, அடுத்த சினை ஊசிக்கு நாள் எண்ண ஆரம்பிப்போம்.

நானும் அப்படித்தான் செய்தேன். ஒன்பது மாடு இருந்த பண்ணை, பக்கத்தில் ஒரு சந்தையில் தரகர் மூலமாக இரண்டு சினை மாடு வாங்கிச் சேர்த்திருந்தேன். அதில் ஒன்று முதலில் வீசியது. வீசிய கன்றை வேலிக்குப் பின்னால் அரை அடி தோண்டிப் புதைத்தேன், இரண்டாம் நாளே நாய் இழுத்துப் போட்டுவிட்டது. அடுத்த எட்டு மாதத்தில் இன்னும் மூன்று வீசின. அதில் இரண்டு என் தொழுவத்திலேயே பிறந்து வளர்ந்த தலையீத்துக் கிடேரிகள். அப்போதுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தோம், கன்று வீச்சு நோய் என்று வந்தது. புருசெல்லோசிஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். அதிலிருந்து மீண்டு வர எனக்கு நான்கு வருடம் பிடித்தது. நீங்கள் அவ்வளவு நாள் இழுக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும், இது புரியாமல் மற்றதைச் செய்து பிரயோசனம் இல்லை. இந்த நோய் வந்த மாடு பெரும்பாலும் ஒரே ஒரு தடவைதான் வீசும். அடுத்த ஈத்தில் ஒழுங்காக முழுக்கன்று போட்டுவிடும், பாலும் கறக்கும், பார்க்க நன்றாக இருக்கும். நாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் கிருமி போகவில்லை. மடியிலும் மடிக்கு மேலே இருக்கும் நெறிக்கட்டிகளிலும் பதுங்கிக்கொண்டு, ஒவ்வொரு முறை கன்று போடும்போதும் பனிக்குட நீரிலும் இளங்கொடியிலும் கோடிக்கணக்கில் வெளியே வருகிறது, பாலிலும் விட்டுவிட்டு வருகிறது. சினை மாட்டின் கருப்பையில் எரித்ரிட்டால் என்று ஒரு சர்க்கரைப் பொருள் இருக்கிறது, இந்தக் கிருமிக்கு அது விருந்து மாதிரி. அதனால்தான் சினையின் பின்பாதியில், ஐந்து மாதத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும், பெரும்பாலும் ஏழாவது மாதத்தை ஒட்டி வீசுகிறது. வீசிய பிறகு இளங்கொடி விழாமல் நின்றுபோவதும், அடுத்த சினை பிடிக்காமல் இழுத்தடிப்பதும், சில பழைய மாடுகளில் முன்னங்கால் முட்டியில் பந்து மாதிரி வீக்கம் வருவதும் இதே கணக்கில்தான் வரும்.

ஆக, உங்கள் பண்ணையில் ஆபத்தான நேரம் எது என்றால் மாடு வீசுகிற நாளும் கன்று போடுகிற நாளும். அந்தச் சில மணி நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது.

வீசிய அன்று

முதலில் மற்ற மாடுகளை அந்த இடத்தைவிட்டு அப்புறப்படுத்துங்கள். சுத்தம் செய்துவிட்டுப் பிறகு நகர்த்தலாம் என்று இருக்காதீர்கள், மாட்டுக்கு வீசிய கன்றையும் இளங்கொடியையும் நக்குகிற குணம் இருக்கிறது, நக்கினால் முடிந்தது. சினையாக நிற்கும் மாடுகளும் கிடேரிகளும்தான் முதலில் போக வேண்டும். அப்புறம் வீசிய மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். தனிக்கொட்டகை இல்லையென்றால் தோட்டத்தில் ஒரு மரத்தடி போதும், ஆனால் அதன் மூத்திரமும் கழிவும் மற்ற மாடுகள் பக்கம் ஓடி வராத பள்ளப் பக்கமாகப் பாருங்கள். பிறப்புறுப்பிலிருந்து வடியும் கழிவு முழுக்க நிற்கும்வரை, குறைந்தது ஒரு மாதம், அது அங்கேயே இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டி, தீனி வாளி எல்லாம் அதற்குத் தனி.

வெறும் கையால் எதையும் தொடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் கன்று இழுப்பதும் இளங்கொடியைக் கைவிட்டு எடுப்பதும் சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் கையால் செய்கிற வேலை. கையில் ஒரு சின்னக் கீறல் போதும், கண்ணில் ஒரு துளி தெறித்தால் போதும், கிருமி மனிதனுக்கு வந்துவிடும். நீளமான பாலித்தீன் கையுறை மருந்துக்கடையிலேயே கிடைக்கும், இல்லையென்றால் தடித்த பிளாஸ்டிக் பைகளை முழங்கைவரை போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். முகக்கவசம், ரப்பர் பூட்ஸ். வீட்டில் கர்ப்பமாக இருக்கும் பெண்கள், குழந்தைகள் யாரும் அன்று அந்தப் பக்கமே வர வேண்டாம்.

கன்றை உடனே புதைத்துவிடாதீர்கள். கால்நடை மருந்தக டாக்டரைக் கூப்பிடுங்கள், அவர் வர முடியாத நேரமாக இருந்தால் 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வீசிய கன்றின் வயிற்றில் இருக்கும் நீரும் இளங்கொடித் துண்டும்தான் எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க உருப்படியான மாதிரி. லெப்டோஸ்பைரா என்ற இன்னொரு கிருமி, ஐபிஆர் என்ற மாட்டு நோயைத் தரும் வைரஸ் என்று கன்று வீசுவதற்கு வேறு காரணங்களும் உண்டு, பார்க்காமலேயே இதுதான் என்று முடிவு கட்டினால் தவறான பக்கம் ஓடிக்கொண்டிருப்போம். டாக்டர் வரத் தாமதமானால் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி நிழலில், முடிந்தால் ஐஸ் கட்டி போட்டு வையுங்கள். நாய் எட்டாத இடமாக இருக்க வேண்டும்.

மாதிரி எடுத்த பிறகு புதைப்பது. ஐந்தாறு அடி ஆழம், கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி. கன்று, இளங்கொடி, கழிவு பட்ட வைக்கோல், அந்த இடத்துச் சாணி எல்லாம் ஒரே குழியில். மேலே சுண்ணாம்பைக் கொட்டி, மண் போட்டு மிதித்து, அதற்குமேல் முள்ளையோ கல்லையோ போட்டு வையுங்கள். ஆலமரத்தில் கட்டுகிற பழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. மாடு கன்று போட்டால் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரக் கிளையில் கட்டினால் பால் பெருகும் என்று காலங்காலமாகச் செய்கிறோம், என் அப்பாவும் கட்டியிருக்கிறார். அதன் பின்னால் இருக்கும் மரியாதை எனக்குப் புரிகிறது. நாய் தின்னாமல் மேலே ஏற்றிவிட்டதில் ஒரு அறிவும் இருந்திருக்கிறது. ஆனால் நோய் வந்த பண்ணையில் அதைச் செய்யக் கூடாது. காக்கையும் பருந்தும் கொத்தி இழுத்து நாலு தொழுவத்தில் போடும். முழுக்கன்று போட்ட மாடாகவே இருந்தாலும், பண்ணையில் நோய் இருக்கும்வரை இளங்கொடி குழிக்குள்தான் போக வேண்டும்.

தரையைக் கழுவுவதில் எல்லோரும் செய்கிற தவறு, குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சி அடிப்பது. அப்படிச் செய்தால் கிருமி திவலையாகக் கிளம்பி உங்கள் மூக்குக்கே வரும், சாக்கடை வழியாக மற்ற மாடுகளுக்கும் போகும். முதலில் ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, அழுக்கோடு சேர்த்து ஊற்றி நனைய விடுங்கள். அப்புறம் வாரி எடுங்கள். வாரிய இடத்தில் மறுபடியும் சுண்ணாம்புக் கரைசலோ பிளீச்சிங் பவுடர் கரைசலோ ஊற்றிக் காய விடுங்கள். பிளீச்சிங் பவுடர் சாணியும் சளியும் கிடக்கும் இடத்தில் வேலை செய்யாது, வாரிய பிறகுதான் அது பிடிக்கும். வெயில் நல்ல உதவி, நேர் வெயிலில் இந்தக் கிருமி சில மணி நேரத்தில் செத்துப்போகும். நிழலும் ஈரமுமாக இருந்தால் வாரக்கணக்கில், குளிர்காலத்தில் மாதக்கணக்கில்கூடக் கிடக்கும். அதனால் தொழுவத்தின் மூலையில் ஓடு விலகி வெயில் விழுந்தால் விழட்டும் என்று விடுங்கள்.

எந்த மாட்டில் இருக்கிறது என்று பார்ப்பது

மருந்து போட்டுக் குணமாக்கலாமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். மாட்டுக்கு அப்படி ஒரு வைத்தியம் இல்லை. கிருமி உடம்பின் அணுக்களுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்வதால் ஊசி அங்கே எட்டுவதில்லை, போடுகிற காசும் வீண், பாலில் மருந்து கலப்பதுதான் மிச்சம். யாராவது இத்தனை ஊசி போட்டால் போய்விடும் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

அதனால் பரிசோதனை. பண்ணை முழுக்க இருக்கிறதா என்று தோராயமாகத் தெரிந்துகொள்ளப் பால் வளையச் சோதனை என்று ஒன்று உண்டு. நாலைந்து மாட்டுப் பாலைச் சேர்த்து, சாயம் ஏற்றிய கிருமிக் கரைசல் ஒரு சொட்டு விட்டுச் சூடான இடத்தில் வைத்தால், நோய் இருந்தால் மேலே திரளும் ஆடையில் நீல வளையம் கட்டும். இல்லையென்றால் ஆடை வெள்ளையாக இருக்கும், கீழே பால் நீலமாக இருக்கும். சீம்பாலிலும் மடிநோய் வந்த பாலிலும் தப்பாகக் காட்டும், அந்தப் பாலைச் சேர்க்காதீர்கள். எந்த மாடு என்று தனித்தனியாகப் பார்க்க ரத்தம்தான். ரோஸ் பெங்கால் என்ற சோதனையில் ரத்தத்திலிருந்து பிரித்த நீர் ஒரு சொட்டையும் ரோஜா நிறக் கரைசல் ஒரு சொட்டையும் கலந்தால் நான்கு நிமிடத்தில் திரிதிரியாகத் திரண்டால் நோய் இருக்கிறது என்று கணக்கு. அதை எலிசா என்ற ஆய்வகச் சோதனை போட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. உங்கள் ஊர் மருந்தக டாக்டர் மூலமாக மாவட்டத்தில் இருக்கும் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பலாம். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியே பக்கத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்த குழி. வீசிய அன்றைக்கே எடுத்த ரத்தத்தில் சில மாடுகளுக்கு ஒன்றும் தெரியாது. இல்லை என்று வந்த சீட்டை நம்பி அந்த மாட்டைத் திரும்பவும் மற்றவற்றோடு கட்டினேன். மூன்று வாரம் கழித்து மறுபடியும் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கன்று போடும் தறுவாயில் இருக்கும் மாட்டுக்கும் இதே கதைதான், கன்று போட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துப் பார்ப்பதுதான் நம்பகமானது. ஆகவே ஒரு தடவை பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா மாட்டுக்கும் ரத்தம் எடுத்தேன், தொடர்ந்து இரண்டு தடவை ஒன்றுகூட இல்லை என்று வந்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாக்கினேன். இன்றும் நிறுத்தவில்லை.

நோய் உள்ள மாட்டை என்ன செய்வது? கஷ்டமான கேள்வி. ஆஸ்திரேலியா 1970இல் ஆரம்பித்து 1989இல் இந்த நோயே இல்லாத நாடு என்று அறிவித்தது, அயர்லாந்து 2009இல் அந்த நிலைக்கு வந்தது. அங்கெல்லாம் நோய் தெரிந்த மாட்டை அரசு நஷ்டஈடு கொடுத்து, வெட்டுக்கு அனுப்பிக் கழித்துக் கட்டியது. நமக்கு அந்த வழி இல்லை, பத்து லிட்டர் கறக்கும் மாட்டை நம்பி வீட்டுச் செலவு ஓடுகிறவரிடம் போய் நாளைக்கே கழித்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. முடிந்தவர்கள் கழித்துவிடுங்கள், அதுதான் சீக்கிரம் முடியும் வழி. முடியாதவர்கள் அந்த மாடுகளைத் தனிக் கொட்டகையில், தனி ஆள் பார்க்கிற மாதிரியோ, ஒரே ஆள் என்றால் நல்ல மாடுகளை எல்லாம் கறந்துவிட்டுக் கடைசியாக இதைக் கறக்கிற மாதிரியோ வைத்துக்கொள்ளுங்கள். கறந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பூட்ஸைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கிவிட்டு வாருங்கள். கன்று போடுவதற்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே இன்னும் தள்ளிக் கட்டுங்கள், வீசிய மாட்டுக்குச் சொன்ன எல்லாமே முழுக்கன்று போட்டாலும் அப்படியே பொருந்தும்.

செய்யவே கூடாத ஒன்று, அதைச் சந்தைக்கு ஓட்டிப்போய்க் கறவை மாடாக விற்பது. ஈரோடு கருங்கல்பாளையமோ பொள்ளாச்சியோ, அங்கே வாங்குகிறவரும் நம்மை மாதிரிக் கடன் வாங்கிக்கொண்டு வந்தவர்தான். என் வீட்டுக்கு இந்த நோய் வந்தது அப்படித்தான், அதை நான் இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பத் தயாராக இல்லை. சட்டமும் இருக்கிறது. கால்நடைத் தொற்று நோய்கள் பற்றிய 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் இந்த நோயும் உண்டு, சந்தேகம் வந்தாலே தெரிவிக்க வேண்டியது வளர்ப்பவரின் கடமை.

கிடேரிக் கன்றுக்கு ஊசி

பழைய மாடுகளைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே இருந்தால் தலைமுறை மாறாது. நான்கு மாதம் முடிந்து எட்டு மாதத்துக்குள் இருக்கும் கிடேரிக் கன்றுகளுக்கு எஸ்-19 என்ற தடுப்பூசி, வாழ்நாளில் ஒரே ஒரு முறை. இது உயிருள்ள கிருமி ஊசி. 1923இல் ஒரு ஜெர்சி மாட்டின் பாலிலிருந்து எடுத்த கிருமி, ஆய்வகத்தில் அறைச் சூட்டிலேயே ஓராண்டுக்கு மேல் கிடந்து வீரியம் குறைந்து போயிருந்தது, அதிலிருந்து வந்த மருந்துதான் பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்கக் கன்றுகளைக் காப்பாற்றுகிறது. மத்திய அரசு 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரி ஊசியோடு இதையும் சேர்த்து இலவசமாகப் போடுகிறார்கள். போட்டதும் காதில் பன்னிரண்டு இலக்க வில்லை மாட்டிப் பதிவு செய்வார்கள். வில்லை மாட்டினால் கன்று அழகு கெட்டுவிடும், காது புண்ணாகிவிடும் என்று ஒளித்து வைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

நாட்கணக்கைத் தவறவிடாதீர்கள். ஒன்பதாவது பத்தாவது மாதத்தில் போட்டால் பின்னால் ரத்தப் பரிசோதனையில் நோய் இருக்கிற மாதிரியே காட்டிக் குழப்பும். சினை மாட்டுக்குப் போட்டால் அதுவே வீச வைத்துவிடும். காளைக் கன்றுக்குப் போடவே கூடாது, விதை வீங்கிப்போகும். ஊசி போடுகிற நாளை ஒட்டிக் கன்றுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் கொடுக்காதீர்கள், ஊசியில் இருக்கும் கிருமியையே அது கொன்றுவிடும். ஒரு நாள் காய்ச்சல், போட்ட இடத்தில் வீக்கம் வரலாம், பயப்பட வேண்டாம். இந்த ஊசியை நாமே வாங்கிப் போடுகிற வேலை வேண்டாம், கையில் குத்திக்கொண்டால் மனிதனுக்கே நோய் வரும், டாக்டர்தான் போட வேண்டும். எங்கள் கன்றுகள் எப்போது நான்கு மாதம் ஆகும் என்று தொழுவச் சுவரில் கரியில் எழுதி வைத்திருக்கிறேன், முகாம் வருவதற்குக் காத்திருக்காமல் நானே மருந்தகத்துக்குப் போய்ச் சொல்லிவிடுவேன்.

ஊசி போட்ட கன்று எல்லாமே தப்பித்துவிடும் என்றும் இல்லை. பத்தில் ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதியை மேலே சொன்ன சுத்தம்தான் காப்பாற்ற வேண்டும். அதோடு, நோய் உள்ள தாய்க்குப் பிறந்த கிடேரிகளில் சில, சிறுவயதில் எந்தப் பரிசோதனையிலும் சிக்காமல் இருந்துவிட்டுத் தலையீத்தில்தான் காட்டிக்கொடுக்கும். அவற்றை முதல் ஈத்து முடியும்வரை சந்தேகத்தோடேயே பாருங்கள், அதன் தாயின் பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொடுங்கள்.

புது மாடு வாங்கும்போது

முடிந்தவரை வாங்காதீர்கள், உங்கள் கிடேரியை வளர்த்துக்கொள்ளுங்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். ரத்தம் எடுக்க விடமாட்டேன் என்கிறவரிடம் வாங்க வேண்டாம், அவ்வளவுதான். நல்ல பால் மாட்டை மூன்றாம் ஈத்தில் ஏன் விற்கிறீர்கள் என்று கேளுங்கள், போன ஈத்துக் கன்று எங்கே என்று கேளுங்கள். வீட்டுக்கு ஓட்டி வந்ததும் ஒரு மாதம் தனியாகக் கட்டி, மறுபடியும் ரத்தம். நிறைசினையாக வாங்கினால் கன்று போட்டு மூன்று வாரம் கழித்து எடுக்கிற ரத்தம் சுத்தமாக வரும்வரை உள்ளே சேர்க்காதீர்கள், இந்த ஒன்றை அன்றைக்கு நான் செய்திருந்தால் இத்தனை பாடு வந்திருக்காது. ஊர்ப் பொதுக் காளைக்கு விடுவதையும் நிறுத்திவிட்டு, சோதித்த காளைகளின் உறைவிந்து ஊசிக்கே வந்துவிடுங்கள்.

வீட்டு ஆட்களுக்கு

எங்களிடம் வேலை பார்த்த அண்ணனுக்கு மூன்று மாதம் விட்டுவிட்டுக் காய்ச்சல். சாயங்காலம் ஏறும், ராத்திரி வேர்த்துக் கொட்டும், காலையில் ஒன்றும் இருக்காது. இடுப்பிலும் மூட்டிலும் வலி. டைபாய்டு என்று இரண்டு தடவை மருந்து சாப்பிட்டார். மாட்டு ரத்தத்தின் முடிவு வந்த பிறகுதான் அவருக்கும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. அவர்தான் நான்கு மாட்டுக்கும் வெறும் கையால் இளங்கொடி எடுத்தவர், நான் நிற்கச் சொல்லி எடுக்க வைத்தவன். அந்த நினைப்பு இன்னும் உறுத்துகிறது.

ஆகவே பண்ணையில் நோய் உறுதியானால் கறக்கிறவர், சாணி அள்ளுகிறவர், நீங்கள், எல்லோரும் ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போகும்போது மாடு வளர்க்கிறோம், மாடு கன்று வீசியிருக்கிறது என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவருக்கு இந்த நோய் ஞாபகத்துக்கே வராது. ஆண்களுக்கு விதைவீக்கமாகவும் வரலாம், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். மனிதனுக்கு வைத்தியம் இருக்கிறது, ஆனால் இரண்டு மருந்து சேர்த்து ஆறு வாரம் சாப்பிட வேண்டும், பத்து நாளில் காய்ச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வரும்.

பால் பொங்கிக் கொதித்தால் கிருமி செத்துவிடும், டீக்கடைக்கும் சொசைட்டிக்கும் போகும் பால் எப்படியும் காய்ச்சப்படுகிறது. பச்சைப் பால் குடிக்கிற பழக்கம்தான் ஆபத்து, கறந்த சூட்டோடு பிள்ளைகளுக்கு ஒரு டம்ளர் கொடுப்பதை நிறுத்துங்கள். வீட்டுக்கு நேராகப் பால் ஊற்றுகிறவர்கள் நன்றாகக் காய்ச்சிக் குடியுங்கள் என்று வாங்குகிறவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சீம்பாலை லேசாகச் சூடு காட்டி எடுக்காமல் இட்லிச் சட்டியில் உள்வரை வேக வையுங்கள். அந்த அண்ணன் ஆறு வாரமும் மாத்திரை சாப்பிட்டார். இப்போதும் எங்களிடம்தான் இருக்கிறார், கன்று போடும் மாட்டின் பக்கம் போவதற்கு முன்னால் இப்போது அவரே எனக்குக் கையுறையை எடுத்து நீட்டுகிறார்.